படியும் பட்டையும்



இங்கிருந்து பார்த்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் இளைய நண்பர்களின் இடுப்புப் பட்டைகளில் எல்லா நிறமும் தெரிகிறது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஓரத்து நாற்காலியில் ஒரு கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் இதே நிறங்கள்தான். கராத்தே வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்வதும் இதைப் பற்றித்தான். "உங்க பையன் எந்த பெல்ட்?" "அடுத்த பெல்ட் எப்போ தருவாங்க?"

நான் இன்று பேச வந்தது அந்த பெல்ட்டைப் பற்றி. ஜப்பானியர்கள் தங்கள் ஆட்டங்களிலும் போர்க்கலைகளிலும் திறமைக்குப் படி வைத்தார்கள். அந்தப் படி எங்கே பிறந்தது? எதற்காகப் பிறந்தது? ஒருமுறை ஏறியவர் இறங்குவாரா? ஏறவிடுவது யார், தடுப்பது யார்? இந்தக் கேள்விகளோடு என்னுடன் கொஞ்ச நேரம் வாருங்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கற்கத் தொடங்குபவரின் படிகளுக்குக் கியூ என்று பெயர். அது இறங்குமுகமாக எண்ணப்படும். கராத்தேயில் பத்தாவது கியூ, ஒன்பதாவது கியூ என்று குறைந்துகொண்டே வந்து முதல் கியூவில் நிற்கும். அதற்கு அப்புறம் டான். அது ஏறுமுகம். முதல் டான், இரண்டாம் டான், மூன்றாம் டான் என்று மேலே போகும். நாம் பிளாக் பெல்ட் என்று கொண்டாடுகிறோமே, அந்தக் கறுப்புப் பட்டை முதல் டானுக்கு உரியது. ஜப்பானில் முதல் டான் வாங்கியவரை யாரும் மேதை என்று எண்ணுவதில்லை. அடிப்படை படிந்துவிட்டது, இனிமேல் கலையைக் கற்கத் தொடங்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் முடிவு என்று நினைக்கும் இடத்தில் அவர்கள் தொடக்கத்தை வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த டான் எங்கே பிறந்தது? வாள் பிடித்த கைகளிலா? மல்லுக்கட்டும் கூடத்திலா? கேட்டால் வியப்பாக இருக்கும். அடி இல்லாத, உதை இல்லாத இடத்தில், இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மரப்பலகையின் மேல் அது பிறந்தது.

அந்த ஆட்டத்தின் பெயர் கோ. பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள். ஒருவருக்குக் கறுப்புக் காய், இன்னொருவருக்கு வெள்ளைக் காய். யார் அதிக இடத்தை வளைக்கிறாரோ அவர் வென்றார். ஜப்பானை ஆண்ட டொகுகாவா ஷோகுன்களின் காலத்தில் இந்த ஆட்டத்துக்கென்றே நான்கு குடும்பங்கள் அரசு மானியத்தில் வாழ்ந்தன. ஹொனின்போ, இனோவே, யசுயி, ஹயாஷி. அந்தக் குடும்பங்களின் ஆட்டக்காரர்கள் எடோ கோட்டைக்குள் போய் ஷோகுனுக்காக ஆடுவார்கள். ஹொனின்போ குடும்பத்தின் நான்காம் தலைவர் தோசாகு. 1645-இல் பிறந்து 1702-இல் மறைந்தவர். டான் முறையை ஒழுங்குபடுத்திய பெருமை அவரைச் சேரும்.

அவர் வகுத்த ஏணிக்கு ஒன்பது படிகள். ஒன்பதாம் படியில் இருப்பவர் மெய்ஜின். ஒரே காலத்தில் ஒரே ஒருவர்தான் மெய்ஜினாக இருக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவருக்கு அந்த இடம் கிடையாது. தகுதியானவர் இல்லையென்றால் இடம் காலியாகவே இருக்கும்.

இதுவரை கேட்டால் இது ஒரு பதவி வரிசை போலத் தெரியும். இனிமேல் சொல்வதைக் கவனியுங்கள். அந்தக் காலக் கோ ஆட்டத்தில் முதலில் காய் வைப்பது கறுப்பு. முதலில் வைப்பவருக்கு அனுகூலம் அதிகம். ஆகவே இரண்டு பேர் ஆட உட்கார்ந்தால் முதலில் படியைப் பார்ப்பார்கள். ஒரு படி வித்தியாசமா? மூன்று ஆட்டத்தில் இரண்டில் கீழ்ப்படிக்காரருக்குக் கறுப்பு. இரண்டு படி வித்தியாசமா? எல்லா ஆட்டத்திலும் அவருக்கே கறுப்பு. இன்னும் அதிகமா? ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையில் அவருக்கு இரண்டு காய், மூன்று காய் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்குப் பொழுதுபோக்காக ஆடுபவர்களிடம் கணக்கு இன்னும் எளிது. ஒரு படிக்கு ஒரு காய். அதிகபட்சம் ஒன்பது காய்.

தாத்தா ஐந்தாவது கியூ, பேரன் பத்தாவது கியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஐந்து காய் விட்டுக்கொடுத்து ஆடுவார். விட்டுக்கொடுத்தபின் அவர் ஒரு காயைக்கூடக் கவனமில்லாமல் வைக்க முடியாது. பேரன் தோற்றே தீரவேண்டும் என்பதும் இல்லை. யார் வெல்வார் என்று இருவருக்குமே தெரியாது. பாருங்கள், ஜப்பானியப் படி பிறந்ததே இதற்காகத்தான். இரண்டு பேருக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, அந்த அளவைப் பலகையில் காயாக வைத்து, வலியவரும் எளியவரும் எதிரெதிரே உட்கார்ந்து முழுமூச்சோடு ஆட வழி செய்வதற்காக. நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். படி என்பது அளவுகோல். மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கமாக அது பிறக்கவில்லை.

தோசாகுவின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1683-ஆம் ஆண்டு கோட்டை ஆட்டத்தில் அவருக்கு எதிரே யசுயி குடும்பத்தைச் சேர்ந்த ஷுஞ்சி உட்கார்ந்தார். ஷுஞ்சி தேர்ந்த ஆட்டக்காரர். ஆனாலும் படி வித்தியாசப்படி தோசாகு அவருக்கு இரண்டு காய் கொடுத்தார். தேர்ந்தவர் ஒருவருக்கு இரண்டு காய் கொடுப்பது பெரிய விஷயம். ஆட்டம் முடிந்து எண்ணினார்கள். தோசாகு ஒரு புள்ளியில் தோற்றிருந்தார்.

தன் வாழ்நாளின் தலைசிறந்த ஆட்டம் எது என்று தோசாகு கருதினார் தெரியுமா? இந்த ஆட்டத்தைத்தான். தோற்ற ஆட்டத்தை! அவர் காலத்தில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. வென்ற ஆட்டங்களுக்குக் குறைவே இல்லை. இருந்தும் இரண்டு காய் கொடுத்து ஒரே புள்ளியில் தோற்ற ஆட்டத்தை உச்சியில் வைத்தார். இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சரியாக அளந்த மனிதரால்தான் அப்படிப் பார்க்க முடியும்.

அந்தக் காலத்துப் படி எவ்வளவு இறுக்கமானது என்று காட்ட ஒரே ஒரு பெயர் போதும். ஷூசாக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேதை. கோட்டை ஆட்டங்களில் தொடர்ந்து 19 முறை வென்றவர். ஒன்றில்கூடத் தோற்காதவர். முப்பத்து மூன்று வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் எத்தனையாவது டான்? ஏழு. வெறும் ஏழு!

ஆனால் அளவுகோலைப் பிடித்திருப்பதும் மனிதக் கைதானே. மெய்ஜினுக்கு மற்றவர்களின் படியை முடிவு செய்யும் அதிகாரமும் இருந்தது. அதிகாரம் சேர்ந்தால் ஆசையும் சேரும். 1831-இல் ஹொனின்போ குடும்பத்தின் ஜோவா ஒன்பதாம் படியில் ஏறினார். போட்டி ஆட்டத்தில் வென்று ஏறவில்லை. பேசி, ஆள்பிடித்து, காய் நகர்த்தி ஏறினார். இனோவே குடும்பம் கொதித்தது. 1835-இல் அந்தக் குடும்பத்துச் சீடர் அகபோஷி இன்தெட்சு, இருபதுகளில் இருந்த இளைஞர், ஜோவாவுக்கு எதிரே உட்கார்ந்தார். மெய்ஜின் இவரிடம் தோற்றால் அந்த இடத்துக்கு அவர் தகுதியில்லை என்று காட்டிவிடலாம் என்பது கணக்கு. நாள்கணக்கில் ஆட்டம் நடந்தது. முன்னணியில் இருந்த இளைஞரை ஜோவா மெல்ல மெல்லப் பிடித்து, தாண்டி, வென்றார். தோற்ற இன்தெட்சு ரத்தம் கக்கினார். அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். ஜப்பானியர் இன்றும் அதை ரத்தம் கக்கிய ஆட்டம் என்றே சொல்கிறார்கள். அளக்க வந்த கோல் சிம்மாசனமானால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு இதைவிட வலிக்கிற உதாரணம் தெரியாது.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஏறியவர் இறங்குவாரா? கோ ஆட்டத்தில் இறங்க மாட்டார். வாங்கிய டான் வாங்கியதுதான், உயிர் உள்ளவரை. 1924-இல் நிஹோன் கி-இன் என்ற அமைப்பு உருவானபின், படி உயர்வுக்கென்றே தனி ஆட்டங்கள் நடந்தன. அந்த வழியில் 1949-இல் புஜிசாவா குரானொசுகே ஒன்பதாம் டானுக்கு வந்தார். அதுவரை ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருந்த படி அன்றைக்கு எல்லோருக்கும் திறந்தது. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் ஏறியவர் இறங்காத ஏணியில் ஆண்டுதோறும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மேல்படியில் கூட்டம் சேரும். சேர்ந்தது. 2003-இல் அந்தத் தனி ஆட்டங்களை நிறுத்தினார்கள். இப்போது வெற்றிகளை எண்ணுகிறார்கள். முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு 30 வெற்றி. எட்டிலிருந்து ஒன்பதுக்கு 200 வெற்றி. பெரிய பட்டம் வென்றால் நடுப்படிகளைத் தாண்டியும் போகலாம். இயாமா யூத்தா 2009-இல் இருபது வயதில், இப்போது போட்டிப் பட்டமாகிவிட்ட மெய்ஜினை வென்று ஒன்பதாம் டான் ஆனார். அந்த வயதில் 200 வெற்றி எண்ணிக்கொண்டு யார் காத்திருப்பார்கள்?

பலகையை விட்டு இப்போது கூடத்துக்குப் போவோம். ஆண்டு 1882. ஊர் டோக்கியோ. எய்ஷோஜி என்ற புத்தர் கோயில். பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறை. ஒன்பது மாணவர்கள். ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. அவர் பெயர் கானோ ஜிகோரோ. அந்த அறையில்தான் ஜூடோ பிறந்தது. அதன் பள்ளியான கொடோகான் பிறந்தது.

கானோவுக்கு முன்பு போர்க்கலைப் பள்ளிகளில் டான் இல்லை. சுருள் இருந்தது. ஆசிரியர் தன் கலையின் இரகசியங்களை மூன்று நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கையெழுத்துச் சுருள் தருவார். ஒரு சுருளுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல ஆண்டுகள் போகும். இந்தப் பள்ளியின் சுருளை அந்தப் பள்ளியின் சுருளோடு ஒப்பிட முடியாது. கானோ பள்ளிக்கல்வியில் ஊறிய மனிதர். பின்னாளில் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். மாணவனுக்குக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு குறி வேண்டும், அது எட்டியதும் இன்னொன்று வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கோ ஆட்டத்தின் டான் முறையைத் தன் கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1883-இல் தொமிதா ட்சுனெஜிரோ, சைகோ ஷிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். போர்க்கலையில் உலகம் கண்ட முதல் டான்கள் அவை.

அப்போது கறுப்புப் பட்டை இருந்ததா? இல்லை! டான் வந்தது, பட்டை வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 1886 வாக்கில்தான் டான் உள்ளவர்கள் கறுப்புப் பட்டை கட்டத் தொடங்கினார்கள். முன்வரிசைத் தம்பி தங்கைகளே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் டான் வாங்கிய சைகோவுக்கு அன்றைக்கு இடுப்பில் காட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும் அவர் யார் என்று.

பட்டைக்கு அப்போது ஒரு பயன் இருந்தது. யாரோடு யார் பயிற்சி செய்யலாம், யாரை எவ்வளவு வேகமாக வீசலாம் என்று பார்த்த உடனே தெரியவேண்டும். வெள்ளைப் பட்டைக்காரருக்கு இன்னும் விழத் தெரியாது. அவரைக் கவனமாக வீசு. அவ்வளவுதான் அதன் பொருள். பிறகு ஆறாம் டான் முதல் எட்டாம் டான் வரை சிவப்பும் வெள்ளையும் கலந்த பட்டை, ஒன்பதுக்கும் பத்துக்கும் சிவப்பு என்று வந்தது. இந்த மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் ஐரோப்பாவில் வளர்ந்தவை. பாரிஸில் 1930-களில் ஜூடோ கற்பித்த கவாயிஷி மிகினொசுகே அவற்றைப் பரப்பினார். 1924-இல் ஒகினாவாக்காரரான புனாகோஷி கிச்சின் தன் மாணவர்கள் ஏழு பேருக்கு டான் கொடுத்தபோது, கானோவின் முறை கராத்தேக்கும் வந்துவிட்டது. நம் ஊர் மைதானத்து வரிசை அந்த வழியாக வந்ததுதான்.

பட்டையே இல்லாத கலை ஒன்றைப் பார்க்கலாம், வாருங்கள். கெண்டோ. மூங்கில் வாளும் தலைக்கவசமும் கொண்டு ஆடும் வாட்கலை. ஜப்பானியப் படிகளில் மிகக் கடுமையானது இங்கே இருக்கிறது. ஆனால் கெண்டோ உடையில் படியைக் காட்டும் நிறம் கிடையாது. முதல் டானும் எட்டாம் டானும் ஒரே கருநீல உடை. பக்கத்தில் நிற்பவர் யார் என்று உடையைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. வாளை எதிரே நீட்டிப் பிடித்து நின்றபின் தெரியும்.

அதன் கணக்கைக் கேளுங்கள். முதல் டானிலிருந்து இரண்டுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டு. மூன்றிலிருந்து நான்குக்கு மூன்றாண்டு. இப்படியே ஏறி ஏழாம் டானுக்கு வந்தால், எட்டாம் டான் தேர்வில் கலந்துகொள்ள இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். வயதும் 46 ஆகியிருக்க வேண்டும். தேர்வு எப்படி? எண் ஒட்டிய உடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது வயதுக்காரர், அறுபது வயதுக்காரர், எழுபதைத் தாண்டியவர். எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து போய், தன் வயதை ஒத்த ஒருவரோடு இரண்டு நிமிடம் போல மோத வேண்டும். பிறகு இன்னொருவரோடு. புள்ளி அறிவிக்க மாட்டார்கள். யார் வென்றார் என்று சொல்லவும் மாட்டார்கள். நடுவர்கள் வேறு எதையோ பார்க்கிறார்கள். அடித்த அடி வீணாக அடித்ததா, வாய்ப்பை உருவாக்கி அடித்ததா? எதிராளி அசைந்தபோது இவர் மனம் அசைந்ததா? அடித்து முடித்தபின் நிலை கலைந்ததா? முதல் சுற்றில் தேறியவர்கள் அதே நாளில் இன்னும் இரண்டு பேரோடு மோத வேண்டும். கடைசியில் தேறுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் கவசப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த முறை மறுபடி வருகிறார்கள். மருத்துவர், காவல்துறை அதிகாரி, பள்ளி ஆசிரியர், கடைக்காரர். பத்துமுறை, இருபதுமுறை தவறியவர்கள் உண்டு. யாருக்காக? எட்டாம் டான் வந்தால் சம்பளம் உயராது. உடையில் ஒரு நூல் மாறாது. இருந்தும் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த படிகளில் நான் தலைவணங்குவது இந்தப் படிக்குத்தான்.

காலமும் வயதும் கெண்டோவில் நண்பர்கள். ஷோகியில் அவை எதிரிகள். ஷோகி ஜப்பானியச் சதுரங்கம். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர் என்ற தகுதி நான்காம் டானில் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஷோரெய்காய் என்ற பயிற்சிக்களம். ஆறாம் கியூவில் சேர வேண்டும். ஊர் மன்றங்களில் நான்கு, ஐந்து டான் வாங்கி எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அங்கே போய் ஆறாம் கியூவாக உட்காருகிறார்கள். ஒரே பெயர்தான், ஆனால் இரண்டு வேறு அளவுகோல்.

அங்கிருந்து மூன்றாம் டான் வரை ஏறினால் முப்பது நாற்பது பேர் மோதும் ஒரு லீக். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொருவருக்கும் 18 ஆட்டம். முதல் இரண்டு பேர் மட்டும் நான்காம் டான். ஆண்டுக்கு நான்கு பேர். இருபத்தாறு வயதுக்குள் அந்த வாசலைத் தாண்டவில்லையென்றால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, வெளியே போக வேண்டியதுதான். பத்து வயதிலிருந்து வேறு எதுவும் கற்காத பிள்ளை இருபத்தாறு வயதில் வெளியே வந்து என்ன செய்வான்?

பதினான்கு வயது இரண்டு மாதத்தில் அந்த வாசலைத் தாண்டியவர் இருக்கிறார். புஜி சோத்தா. 2016 அக்டோபர். அவருடைய முதல் தொழில்முறை ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் 76 வயது காத்தோ ஹிஃபுமி. அதற்கு முன்பு மிக இளவயதில் தாண்டிய சாதனை அந்த முதியவருடையது, 1954-இல்! சிறுவன் வென்றான். தொடர்ந்து 29 ஆட்டம் வென்றான். 2023-இல் எட்டுப் பெரிய பட்டங்களும் அவரிடம் இருந்தன.

ஆனால் நான் இன்று அதிகம் நினைப்பது செகாவா ஷோஜியை. 1996-இல் இருபத்தாறு வயது முடிந்து வெளியேற்றப்பட்டவர். கல்லூரியில் சேர்ந்து சட்டம் படித்தார். ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். ஷோகியை விட்டுவிட்டார். பிறகு விட முடியாமல் திரும்பி, அமெச்சூராக ஆடத் தொடங்கினார். அமெச்சூர்களுக்கும் இடம் தரும் போட்டிகளில் தொழில்முறைக்காரர்களைத் தோற்கடித்தார். ஒருவரையா? பலரை. மேல்வகுப்பு ஆட்டக்காரர் ஒருவரையும். 2005-இல் ஷோகி சம்மேளனத்துக்கு மனு எழுதினார். நான் ஆட ஆசைப்படுகிறேன், வாய்ப்புக் கொடுங்கள் என்று. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூடி வாக்களித்தார்கள். தேர்வு வைத்தார்கள். ஆறு ஆட்டத்தில் மூன்று வெல்ல வேண்டும். நவம்பரில், ஐந்தாவது ஆட்டத்தில், மூன்றாவது வெற்றி வந்தது. முப்பத்தைந்து வயதில் நான்காம் டான். அடுத்த ஆண்டே அந்தத் தேர்வு நிலையான விதியாகிவிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்த்த இமாயிசுமி கென்ஜி அதே வாசல் வழியாக நாற்பத்தொரு வயதில் தேறினார்.

ஷோகியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. டான் இறங்காது, ஆனால் பக்கத்திலேயே இறங்கும் ஏணி ஒன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பு வாரியாக ஆட்டம் நடக்கும். தோற்றால் கீழ்வகுப்பு. ஹபு யோஷிஹாரு 1996-இல் அன்றிருந்த ஏழு பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தவர். 2022-இல் அவரும் மேல்வகுப்பிலிருந்து இறங்கினார். ஒன்பதாம் டான் அவரிடமே இருந்தது. வாழ்நாளில் என்ன செய்தார் என்பதை டான் சொல்லும். இந்த ஆண்டு எப்படி ஆடுகிறார் என்பதை வகுப்பு சொல்லும். இரண்டையும் ஒன்றில் அடைக்காமல் தனித்தனியாக வைத்ததே சரி என்பது என் எண்ணம்.

இறங்கும் ஏணியின் முழுக் கொடுமையையும் பார்க்க வேண்டுமா? சுமோவுக்கு வாருங்கள். ஆண்டுக்கு ஆறு போட்டி. மேல்நிலை வீரருக்கு ஒவ்வொரு போட்டியிலும் 15 சண்டை. எட்டு வென்றால் ஏறலாம், எட்டு தோற்றால் இறங்க வேண்டும். போட்டிக்குப் போட்டி வரிசைப்பட்டியல் புதிதாக எழுதப்படும். நடுவர்கள் தூரிகையால் கையால் எழுதுவார்கள். உச்சியில் இருப்பவர் பெயர் பெரிய எழுத்தில், கீழே போகப்போகச் சிறுத்து, அடியில் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில். அறுநூறு பேர் போல இருக்கும் அந்த உலகில் மாதச் சம்பளம் மேலே உள்ள 70 பேருக்குத்தான். மற்றவர்கள் சமையல் செய்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், மூத்தவர் முதுகு தேய்க்கிறார்கள்.

மங்கோலியாவிலிருந்து வந்த தெருனோபுஜி 2015-இல் ஓசெகி ஆனார். உச்சிக்கு ஒரு படி கீழே. பிறகு முழங்கால் உடைந்தது. நீரிழிவு வந்தது. இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே போனார். 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாம் பிரிவில், சம்பளமில்லாத பையன்களின் நடுவே நின்றார். ஓசெகியாக இருந்தவர் அவ்வளவு தூரம் இறங்கியதே இல்லை. விட்டுவிடுகிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் விடவில்லை. 2020 ஜூலையில் மேல்பிரிவுக்குத் திரும்பிவந்த முதல் போட்டியிலேயே கோப்பை. 2021 ஜூலைப் போட்டி முடிந்ததும் உச்சிப் படி, 73-ஆவது யோகொசுனா. யோகொசுனாவுக்கு இறக்கம் கிடையாது. முடியாதபோது ஓய்வு பெறுவது ஒன்றே வழி. 2025 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார்.

ஏறுவதையும் இறங்குவதையும் பேசினேன். அளக்கவே மாட்டேன் என்று சொன்ன கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நேர்மையாகாது.

ஃபுகுதா கெய்க்கோ. 1913-இல் பிறந்தவர். அவருடைய தாத்தா, இளவயது கானோவுக்கு ஜுஜுட்சு கற்பித்த ஆசிரியர். அந்த நன்றிக்காக கானோவே அழைத்து, 1935-இல் இவர் கொடோகானில் சேர்ந்தார். ஐந்தடிக்கும் குறைவான உயரம். 1953-இல் ஐந்தாம் டான். அதற்கு மேல்? கதவு மூடியிருந்தது. பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்று கொடோகான் வைத்திருந்தது. பெண்களின் கறுப்புப் பட்டையில்கூட நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.  இவர் 1972 வரை, பத்தொன்பது ஆண்டு, அதே படியில் நின்றார். பலர் எழுதிக் கேட்டபின் ஆறாம் டான் வந்தது. கொடோகானின் ஒன்பதாம் டான் 2006-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தது. கொடோகான் கொடுக்கவில்லை. 2013-இல், 99 வயதில், சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். அவருடைய திறமையில் குறை கண்டு யாரும் மறுக்கவில்லை. கோலையே எடுக்க மறுத்துவிட்டார்கள்.

இதோடு நிஷியாமா தொமொக்காவை வைத்துப் பாருங்கள். ஷோகியில் பெண்களுக்கென்று தனிப் பட்டங்கள் உண்டு. ஆண் பெண் என்ற பிரிவில்லாத நான்காம் டானை எந்தப் பெண்ணும் அதுவரை தொட்டதில்லை. நிஷியாமா அந்த மூன்றாம் டான் லீக்கில் ஆண்களோடு ஆடினார். 2020 மார்ச்சில் முடிந்த சுற்றில் 18 ஆட்டத்தில் 14 வென்றார். முதல் இரண்டு இடத்துக்கு வந்தவர்களும் 14 பெற்றிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! முந்தைய சுற்றின் வரிசையில் இவர் அவர்களுக்குக் கீழே இருந்ததால் மூன்றாம் இடம். லீக்கை விட்டு வெளியே வந்தபின், செகாவா திறந்த அதே தேர்வுக்கு 2024-இல் மனுச் செய்தார். புதிதாக நான்காம் டான் ஆன ஐந்து பேரோடு ஐந்து ஆட்டம், மூன்றில் வெல்ல வேண்டும். நான்கு ஆட்டம் முடிந்தபோது இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. 2025 ஜனவரியில் ஐந்தாவது ஆட்டம். தோற்றார்.

ஃபுகுதாவுக்கு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்காமல் பத்தொன்பது ஆண்டு கடத்தினார்கள். நிஷியாமாவுக்கு ஐந்து ஆட்டம் கொடுத்தார்கள். செகாவா திறந்த அதே வாசலில் அவரையும் அளந்தார்கள். ஒரு வெற்றி குறைந்தது. அவர் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தேர்வும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. தகுதிக்கான வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம்.

 முன்வரிசையில் கை தூக்கிக்கொண்டிருக்கும் பச்சைப் பட்டைத் தங்கையின் கேள்வியை முதலில் கேட்போம்.